நீச்சல் குளத்து மூட்டையும் காயாத வேட்டியும்

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு மூட்டை கால்சியம் குளோரைடு வாங்கி வரவேண்டும். அவ்வளவுதான்.

எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துத் தண்ணீரைக் கடினமாக்குவதற்கு.

சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டியவர்கள் எல்லாம் அன்றைக்கே சிரித்து முடித்துவிட்டார்கள்.

திருவொற்றியூர்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாயைத் திறந்தால் உப்பு. வாளியில் வெள்ளைப் படை. புதுப் பாத்திரம் ஒரு மாதத்தில் பழைய பாத்திரம். தலைக்குக் குளித்தால் முடி துடைப்பம். இந்த ஊரில் பிறந்ததிலிருந்து "தண்ணீர் இவ்வளவு கடினமாக இருக்கிறதே" என்று அழுதவன் நான். எழுபது வயதில் அதே கடினத்தைக் காசு கொடுத்து வாங்கக் கிளம்பினேன்!

காரணம் எங்கள் செயலாளர் பாஸ்கர். நீச்சல் குளத்தில் போர் தண்ணீர் விட்டால் நிறம் மஞ்சளாகத் தெரிகிறதாம். அதனால் குளம் முழுவதையும் சுத்திகரிப்பு இயந்திரத் தண்ணீரால் நிரப்ப உத்தரவு போட்டார்.

"மினரல் வாட்டர்ல நீந்துற ஒரே குடியிருப்பு நம்மதுதான் சார்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சொன்னவர் ஒரு நாளும் அதில் கால் வைத்ததில்லை. குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். குளம் இருக்கிறது என்று உறவினரிடம் சொல்வதற்குத்தான் அவர்களுக்குக் குளம்.

கொஞ்ச நாளில் பதித்த ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்தன.

குளத்துக்கு மருந்து போட வருகிற ஏழுமலை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தத் தண்ணில சத்தே இல்ல சார். தண்ணிக்குப் பசி. பசிச்சா இன்னா பண்ணும்? ஓட்டுக்கு நடுவுல கீற சிமெண்ட்ட துன்னும். கால்சியம் குளோரைடு ஒரு மூட்டை கரைச்சு ஊத்துங்க. வயிறு ரொம்பினா சும்மா கெடக்கும்."

சொல்லிவிட்டுத் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்.

செயலாளருக்கு வேறு திட்டம். அவரிடம் இரண்டு கார்கள். ஒன்றைத்தான் நிறுத்த இடம். குளத்தை மண் போட்டு மூடினால் இன்னொன்றையும் நிறுத்தலாம். "நாற்பது ஓடு விழுந்துடுச்சு. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம். அதுக்குள்ள சரியாகலைன்னா மூடிடுவோம்" என்று எல்லாரையும் கூட்டி அறிவித்தார்.

நான் கூட்டங்களில் பேசுகிறவன் இல்லை. நான்கு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தாலே என் குரல் எனக்கே கேட்காது. ஆனால் அன்று வாய் தானாகத் திறந்துகொண்டது.

"முப்பத்தேழு" என்றேன்.

"என்ன?"

"விழுந்த ஓடு முப்பத்தேழுதான்."

செயலாளர் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். "இவ்ளோ கரெக்டா தெரியுதுன்னா அந்த மூட்டையையும் நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க பெரியவரே."

எண்ணுவதுதான் என் பிழைப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் துறைமுகத்தில் சேர்ந்தேன். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையை நின்றபடியே எண்ணுகிற வேலை. கிழிசல் எத்தனை, நனைந்தது எத்தனை, குறைந்தது எத்தனை என்று சொல்லவேண்டும். ஓய்வு பெறுகிற வரை நின்றுகொண்டே எண்ணினேன். முழங்கால்கள் இரண்டும் போயின.

தரையில் நடந்தால் வலி. படி ஏறினால் வலி. சும்மா உட்கார்ந்தால் அதற்கும் வலி. மார்பளவு தண்ணீரில் இறங்கி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடக்கும்போது மட்டும் வலி இல்லை. அதனால் தினமும் ஆள் நடமாட்டம் வருவதற்கு முன் குளத்தில் இறங்கி நடந்துவிட்டு ஏறிவிடுவேன். யாருக்கும் தெரியாது. கிழவன் அரைக்கால் சட்டையோடு தண்ணீரில் நிற்பதை நாலு பேர் பார்ப்பதா!

அந்தக் குளத்தை மூடிவிட்டு மேலே காரை நிறுத்துவார்களாம். என் முழங்கால் மேலேயே நிறுத்தலாம்.

ஆக, சனிக்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பையில் தண்ணீர் பாட்டில், குடை, என் குத்தூசி. மூட்டையைத் திறக்காமல் குத்தி உள்ளே இருக்கும் சரக்கை எடுத்துப் பார்க்கிற அந்தப் பித்தளை ஊசியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அரிசி வாங்கப் போனாலும் கொண்டுபோவேன். கமலா, என் மனைவி, வாசலிலேயே தடுத்தாள்.

"அது எதுக்குங்க இப்ப? வெச்சிட்டுப் போங்க."

"பார்க்காமல் மூட்டை வாங்குகிறவன் முட்டாள்" என்றேன். இந்தப் பேச்சை நினைவில் வையுங்கள்.

முதலில் பக்கத்து இரும்புக் கடை. "கால்சியமா? சுண்ணாம்பு கீது, வேணுமா?" என்றார்.

அடுத்தது மருந்துக் கடை. அங்கே இருந்தவர் மரியாதையாக ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தார். "ஆரஞ்சு வாசனை. சப்பிச் சாப்பிடலாம். உங்களுக்கா, வீட்ல அம்மாவுக்கா?"

"குளத்துக்கு."

"குளத்துக்கு எத்தினி வயசு?"

நான் வெளியே வந்தேன். முதுகுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கடைசியில் ராயபுரத்தில், ரசாயன மூட்டைகள் அடுக்கிய ஒரு பாய் கடையைக் கண்டுபிடித்தேன். கல்லாவில் வெள்ளைத் தாடியோடு பாய். வாசலில் மூட்டை மேல் படுத்திருந்த சுமை தூக்கி ஒருவர்.

"கால்சியம் குளோரைடா? இருக்கே" என்றார் பாய். எனக்கு உயிர் வந்தது. "ஐஸ் பேக்டரிக்கா? இல்ல கன்டெய்னர்ல ஈரம் இழுக்கவா?"

"நீச்சல் குளத்துக்கு."

"அதுக்கு எதுக்கு?"

"தண்ணீரைக் கடினமாக்க" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

படுத்திருந்த சுமை தூக்கி எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னாது! தண்ணிய கடினமாக்கணுமா? பாய், இத்தக் கேட்டியா! யோவ் பெர்சு, எங்கூட்டாண்ட வா. போர் தண்ணி தரேன். லாரி வெச்சு எடுத்துக்கினு போ. அதுல நீ நீந்தவே வாணாம், மேலயே நடந்து போலாம்!"

பாயும் சிரித்தார். தாடி குலுங்கியது. தெருவில் போன ஒருவர் நின்று, விஷயம் தெரியாமலேயே சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கு முகம் சிவந்தது. நான் யார் என்று இவர்களுக்குத் தெரியாது. எத்தனை கப்பல் பார்த்தவன்! மூட்டை வந்து தரையில் சாய்ந்ததும் பையிலிருந்து குத்தூசியை எடுத்தேன்.

மேலே ஒரு குத்து. நடுவில் ஒரு குத்து. அடியில் ஒரு குத்து. துறைமுக வழக்கம் அது. மேலே நல்ல சரக்கு, அடியில் குப்பை என்று எத்தனை மோசடியைப் பிடித்திருக்கிறேன்!

"யா அல்லா!" பாய் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். "பெரியவரே, இன்னா பண்றீங்க? இது அரிசியா? காத்துப் படக்கூடாது, தண்ணி படக்கூடாதுன்னு உள்ள பிளாஸ்டிக் உறை போட்டு வருது. அத்தப் போயி குத்துறீங்களே!"

ஊசியில் வந்த வெள்ளைச் சில்லுகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். எனக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை. கால்சியம் குளோரைடை முன்பின் பார்த்திருந்தால்தானே! ஆனாலும், "சரக்கு பரவாயில்லை" என்று தலையை ஆட்டினேன்.

"டேப் எடுத்தா" என்று சுமை தூக்கியிடம் சொல்லிவிட்டு பாய் என் பக்கம் திரும்பினார். "எத்தினி எடத்துல குத்துனீங்க?"

நான் நிமிர்ந்து நின்றேன். எண்ணிக்கையைப் பற்றி என்னிடம் கேட்கிறார்!

"இரண்டு."

நன்றாகப் படியுங்கள். இரண்டு என்றேன். குளத்து ஓடு எத்தனை விழுந்தது என்று சபையில் திருத்தியவன் நான். நானே குத்திய குத்தை எண்ணத் தெரியவில்லை. பாய் போட்ட சத்தத்தில் அடிக்குத்து மறந்தேபோனது.

மேலே டேப். நடுவே டேப். அடியில் ஓட்டை அப்படியே. சுமை தூக்கி மூட்டையைத் தூக்கிக்கொண்டுவந்து ஷேர் ஆட்டோவில், என் கால்களுக்கு நடுவே நிறுத்திவிட்டுப் போனார். ஓட்டை கீழ்ப்பக்கமாக.

ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் ஏறலாம் என்று அரசாங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஓட்டுகிறவர் வேறு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். நான் எண்ணியபோது அவரைச் சேர்க்காமல் ஒன்பது. காசிமேட்டில் பத்தாவதாக ஒரு அம்மா ஏறினார். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். ஒரு கூடை நிறைய சங்கராவும் ஐஸும், ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பு நிறைய நெத்திலி. கூடை நேராக வந்து என் மூட்டையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

"கொஞ்சம் தள்ளி வையம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வழியில் கன்டெய்னர் லாரி வரிசை. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. ஆட்டோ நின்றது நின்றபடி. வெயில் ஏறியது. கூடையில் ஐஸ் உருகித் தரையெல்லாம் ஓடியது. என் செருப்பு நனைந்தது. வேட்டி நுனி நனைந்தது. நான் சலவை வேட்டி கட்டுகிறவன். வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு விழுந்தாலும் எனக்கு அன்றைய நாள் போயிற்று.

"சே, கலீஜு!" என்று முகத்தைச் சுளித்தேன். இது மட்டும் எப்படியோ எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

அஞ்சலை திரும்பினார். "இன்னா நைனா? யாரு கலீஜு?"

"இல்லை... தண்ணீர்..."

"மீனுன்னா தண்ணி வரும். உன் வூட்ல மீன் துன்றது இல்லியா? துன்றப்போ மட்டும் மணக்கும், ஆட்டோல வந்தா கலீஜா?"

ஆட்டோ முழுவதும் என்னைப் பார்த்தது. நான் வெளியே பார்த்தேன். வெளியே இருந்த லாரி ஓட்டுநரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறிது நேரத்தில் காலில் இதமான ஒரு சூடு. வெயில் என்று நினைத்தேன். முழங்காலுக்கு நல்லதாயிற்றே என்று காலை மூட்டையோடு இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

சூடு ஏறியது. இதம் போய் எரிச்சல் வந்தது. மூட்டையைத் தொட்டேன். சட்டென்று கையை எடுத்தேன்.

"நைனா," என்றார் அஞ்சலை, "இன்னா உன் மூட்டை கொதிக்குது? என் ஐஸு மொத்தம் தண்ணியாப் பூடுச்சு!"

ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்தார். "பெர்சு, மூட்டையில இன்னா கீது?"

பொய் சொல்ல வராது எனக்கு. "ஒரு கெமிக்கல்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் சொல்லக்கூடாத ஒரே சொல் அதுதான். கெமிக்கல் என்றால் கை தானாகக் கைக்குட்டையைத் தேடும். எண்ணூரிலும் மணலியிலும் ரசாயன ஆலைகளுக்கு நடுவே குடியிருக்கிறவர்களுக்குப் பழக்கம் அப்படி. ஒருவர் மூக்கைப் பொத்தினார். ஒரு பெண் சேலைத் தலைப்பை நனைத்து முகத்தில் வைத்துக்கொண்டார். எதில் நனைத்தார்? என் தண்ணீர் பாட்டிலில்! என்னைக் கேட்காமலே எடுத்து!

"எறங்கு, எறங்கு! கேஸு!"

ஒன்பது பேரில் நான் நீங்கலாக எட்டுப் பேரும் குதித்தார்கள். ஒருவர் நின்றிருந்த லாரியின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டார். ஓட்டுகிறவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு தள்ளி நின்றார். தன் ஆட்டோ போனாலும் சாவி இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ!

உள்ளே மிஞ்சியது நானும் அஞ்சலையும். எனக்கு முழங்கால் வலி, குதிக்க முடியாது. அவருக்கு மீன் இருக்கிறது, விட்டுப் போகமாட்டார்.

அவர் குனிந்து தரையிலிருந்த ஒரு வெள்ளைச் சில்லை எடுத்துப் பார்த்தார். "அட, இது எங்க ஐஸ் பேக்டரில கொட்ற உப்பு! தண்ணி பட்டா சுடும். இதுக்குப் போயி ஓட்றானுங்க பாரு, தடியனுங்க."

பிறகு மூட்டையை ஒரே தள்ளில் சாய்த்தார். அடியில், அழகான வட்ட ஓட்டை. ஐஸ் தண்ணீர் அதன் வழியாக உள்ளே போய், வெந்நீராகி, அதே வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"ஓட்டை கீது நைனா. யாரு வெச்சது?"

பொய் சொல்ல வராது என்றேன் அல்லவா? அந்த நேரத்தில் வந்தது. "எலியாக இருக்கும்."

"எலி இம்மாம் வட்டமா கடிக்குமா? காம்பஸ் வெச்சினு கடிச்சுதா?"

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பையின் ஓரத்தில் குத்தூசியின் பித்தளை முனை பளபளவென்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஓஹோ. எலி பித்தளைப் பல்லு கட்டிகினு கீது."

குடையால் அந்த முனையை மறைத்தேன்.

"இப்பச் சொல்லு. உன் வேட்டில கீறது யாரு தண்ணி?"

"என்னுடையது."

"காதுல வுழல."

"என் தண்ணீர்தான் அம்மா! மன்னிச்சுக்கோ!"

எழுபது வயதில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுவே முதல் தடவை. லாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர் தலையை நீட்டிப் பார்த்தார்.

அஞ்சலைக்கு மனம் இளகிவிட்டது. "சரி வுடு. எங்க எடுத்துகினு போற இத்த?" என்று கேட்டார். முழங்காலைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். குளம், ஓடு, கூட்டம், கார். அவர் என் முழங்காலையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "காருக்குக் கொளத்த மூடுவானா? நல்லாக் கீது நாயம்" என்றார்.

டப்பிலிருந்த நெத்திலியைக் கூடைக்கு மாற்றினார். "மூட்டைய இதுல வையி. ஒழுகினாலும் உள்ளயே நிக்கும். டப்ப நாளைக்கு மார்க்கெட்டாண்ட குடுத்துடு."

நான் மூட்டையைக் கட்டிப் பிடித்துத் தூக்கினேன். மூட்டை மொத்தமாக என் மடியில் ஒழுகியது. முன்பக்கம், இடுப்பிலிருந்து முழங்கால் வரை வேட்டி நனைந்தது. சரியாக எந்த இடம் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கே புரியும்.

பயம் தெளிந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். என் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஷேர் ஆட்டோவில் கால் நீட்டி உட்கார்ந்து போன ஒரே மனிதன் நான்தான்.

குடியிருப்பு வாசலில் ஓட்டுகிறவரே டப்பை இறக்கி வைத்தார். கூட்டத்துக்கு நேரம் இருந்தது. நல்ல வெயில், கடல் காற்று வேறு. காய்ந்ததும் உள்ளே போகலாம் என்று மதில் ஓரமாக நின்றேன்.

காயவில்லை.

திரும்பி நின்றேன். குடையால் விசிறினேன். முன்பைவிட ஈரம் கூடியதுபோல் இருந்தது. பிறகுதான் தெரிந்துகொண்டேன், அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளுமாம். கடற்கரை ஊரில் அதைக் காயவைக்க நின்றவன் நான். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை இருந்த ஈரமெல்லாம் என் வேட்டியைத் தேடி வந்துகொண்டிருந்தது!

கூட்டம் குளத்தங்கரையில். நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி உதவியோடு டப்பை இழுத்துக்கொண்டு போய் நின்றேன். எல்லார் கண்ணும் ஒரே இடத்தில்.

செயலாளர் எழுந்துவந்து என் தோளில் கை வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பெரியவரே, வீட்டுக்குப் போய் மாத்திட்டு வாங்க" என்றார் அன்பாக. கடைசி வரிசை வரை கேட்டது. "வயசானா சகஜம். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

"இது அது இல்லை, மூட்டை ஒழுகி..."

"ஆமா, ஆமா, மூட்டைதான்" என்றார். முன்வரிசையில் ஒரு அம்மா 'உச்' கொட்டினார். இன்னொருவர் தனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரின் பெயரைச் சொன்னார்.

அப்போதுதான் டப்பைப் பார்த்தேன். மூட்டை பாதி கரைந்து துவண்டு கிடந்தது. அந்த வெண்ணிறக் கரைசலில், பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, மின்னலாக ஒரு நெத்திலி. அதற்குக் கீழே இன்னொன்று. இன்னொன்று.

"சார், அதை வடிகட்டாமல் ஊற்றாதீர்கள். உள்ளே..." என்றேன். ஆட்டோவில் வந்த சத்தம் இப்போது வரவில்லை. சத்தமெல்லாம் அங்கேயே செலவாகிவிட்டது.

மேலே போனேன். கமலா கதவைத் திறந்து, வேட்டியைப் பார்த்து, பையில் நீட்டியிருந்த குத்தூசியைப் பார்த்தாள். "பார்த்துத்தானே வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வேட்டி மாற்றிக்கொண்டு நான் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தச் சில நிமிடங்களில் செயலாளருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. குளத்தை மூடினால் சிலர் திட்டுவார்கள். காப்பாற்றினால்? அடுத்த மாதம் செயலாளர் தேர்தல் வேறு. வேலை ஏற்கெனவே முடிந்து டப்பில் தயாராக இருக்கிறது. ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, காவலாளியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, தன் கையாலேயே டப்பைக் குளத்தில் கவிழ்த்திருக்கிறார். கவிழ்க்கும்போது ஒரு படம். கவிழ்த்தபின் ஒரு படம். கட்டை விரலை உயர்த்தி ஒரு படம். "நம் நீச்சல் குளம் காப்பாற்றப்பட்டது! சொன்னதைச் செய்வோம்! இனி குளத்துக்கு நான் பொறுப்பு!" என்று குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டாகிவிட்டது. கைதட்டல் பொம்மைகள் குவிந்துகொண்டிருந்தன.

தண்ணீர் மோர் போலக் கலங்கியிருந்தது. மெல்ல மெல்ல மேலே மிதந்து வந்தது, முதல் நெத்திலி.

முன்வரிசை அம்மாதான் முதலில் பார்த்தார். "சார், மீனு!"

செயலாளர் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார். இன்னும் கைதட்டல் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உயர்த்திய கட்டை விரலுக்கு நேர் கீழே, வெள்ளி மாதிரி, தெளிவாக ஒன்று.

"அது... நான்தான் விடச் சொன்னேன்" என்றார். "தண்ணி நல்லா இருக்கான்னு மீன் விட்டுத்தான் பாக்கணும். வெளிநாட்டுல அப்படித்தான்."

"செத்துப் போய் இருக்கே சார்?"

"தூங்குது."

யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். "மீன் நாத்தம் அடிக்குதே?"

"அது கடல் காத்து" என்றார் செயலாளர், கொஞ்சமும் அசராமல். அந்த மனிதனை அன்றுதான் முதல்முறையாக மனசுக்குள் பாராட்டினேன். என் எலியை விட அவர் தூக்கம் எவ்வளவோ மேல்!

எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. குளத்துக் குப்பை அள்ளும் வலையை எடுத்துத் தூங்கிக்கொண்டிருந்த மூன்றையும் அள்ளிப்போட்டேன். குளத்தை மூடுகிற பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. பிறகும் எடுக்கவில்லை. பொறுப்பு யாருடையது என்றுதான் படத்தோடு இருக்கிறதே!

மறுநாள் டப்பை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி மார்க்கெட்டில் அஞ்சலையிடம் கொடுத்தேன். "கொளம் கீதா, பூச்சா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "நெத்திலி கொஞ்சம் கம்மியாத் தெர்ஞ்சுதே?" என்றார். மூன்று என்றேன். இந்த முறை சரியாகச் சொன்னேன்.

ஏழுமலை ஊரிலிருந்து வந்து தண்ணீரைச் சோதித்தார். கடினம் வேண்டிய அளவுக்கு ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஓடும் விழவில்லை. முப்பத்தேழு, முப்பத்தேழாகவே நிற்கிறது. என் வேட்டி மட்டும் இன்னும் முழுதாகக் காயவில்லை. மூன்று முறை துவைத்தாகிவிட்டது.

மீன் வாசனையும் இரண்டே நாளில் போய்விட்டது. ஆனால் குடியிருப்புக்காரர்களின் மூக்கு அதை நம்பவில்லை. எவரும் குளத்துப் பக்கம் வருவதில்லை. நான் இப்போதெல்லாம் பட்டப்பகலில், அரைக்கால் சட்டையோடு, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தனியாக நடக்கிறேன்.

பார்க்கிறவை பூனைகள் மட்டும்தான். எண்ணிவிட்டேன், நான்கு. சரியாக இருக்கிறதா என்று தினமும் இரண்டு முறை எண்ணுகிறேன்.